மூமின்கள்: போர்க்காலத்தில் பிறந்த கதைகளுக்கு ஓர் அரும்பொருளகம்

உருண்டை வயிறு, பெரிய மூக்கு, குட்டி வால். பார்க்க நீர்யானைக் குட்டி மாதிரி இருக்கும்.

காப்பிக் குவளையிலோ துணிப்பையிலோ இந்த வெள்ளை உருவத்தை நீங்கள் எங்காவது பார்த்திருக்கலாம். பெயர் மூமின்.

ஃபின்லந்தின் தம்பெரே நகரில் மூமின்களுக்கென்றே ஓர் அரும்பொருளகம் இருக்கிறது. தலைநகர் ஹெல்சிங்கியிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

"பொம்மைக்கெல்லாம் அரும்பொருளகமா?" என்று கேட்கத் தோன்றுகிறதா? அங்கே இருப்பவை பொம்மைகள் மட்டும் அல்ல. குண்டு விழுந்த ஒரு குளிர்காலத்தில் தொடங்கிய கதைகளின் அசல் படங்கள் அங்கேதான் உள்ளன.

யார் இந்த மூமின்கள்?

பள்ளத்தாக்கில் வாழும் ஒரு குடும்பம். அந்த வீட்டுக்கு யார் வந்தாலும் சாப்பாடும் படுக்கையும் உண்டு.

• மூமின்ட்ரோல் - வீட்டுப் பிள்ளை. ஆர்வம் அதிகம், மனசு சட்டென்று வாடிவிடும்.

• மூமின் அம்மா - கைப்பையைப் பிரியவே மாட்டார். ஆபத்து வந்தாலும் பதற மாட்டார்.

• ஸ்னஃப்கின் - குளிர்காலத்துக்கு முன் தெற்கே கிளம்பி, வசந்தத்தில் திரும்பும் நாடோடி. பொருள் சேர்ப்பது அவருக்குப் பிடிக்காது.

• லிட்டில் மை - தையல் கூடைக்குள் அடங்கிவிடும் அளவுக்குச் சின்னப் பெண். மனத்தில் பட்டதை அப்படியே சொல்லிவிடுவாள்.

• க்ரோக் - அவள் உட்காரும் இடம் உறைந்துபோகும். அவளைக் கண்டால் எல்லாரும் ஓடுவார்கள்.

எழுதியவர் யார்?

தூவே யான்சன். 1914ஆம் ஆண்டு ஹெல்சிங்கியில் பிறந்தவர். அப்பா சிற்பி. அம்மா ஓவியர்; ஃபின்லந்தின் அஞ்சல்தலைகளை வடிவமைத்தவர். மூமின் அம்மாவிடம் அவருடைய சாயல் உண்டு.

யான்சன் குடும்பம் வீட்டில் பேசியது சுவீடிஷ் மொழி. இன்று ஃபின்லந்தில் அதைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் 100இல் 5 பேர்தான். வீட்டில் ஒரு மொழி, வெளியே இன்னொரு மொழி - அது எப்படி என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தச் சிறுபான்மை மொழியில்தான் அவர் மூமின் கதைகளை எழுதினார். இன்று அவை 50க்கும் மேற்பட்ட மொழிகளில் கிடைக்கின்றன. 1966இல் சிறுவர் இலக்கியத்துக்கான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருதும் அவருக்குக் கிடைத்தது.

போருக்கும் கதைக்கும் என்ன தொடர்பு?

1939 நவம்பரில் சோவியத் யூனியன் ஃபின்லந்தைத் தாக்கியது. ஹெல்சிங்கியில் குண்டுகள் விழுந்தன.

அப்போது யான்சன் 'கார்ம்' என்ற நையாண்டிச் சஞ்சிகைக்குக் கேலிச்சித்திரம் வரைந்துகொண்டிருந்தார். ஹிட்லரையும் ஸ்டாலினையும் கிண்டல் செய்து வரைந்தவர் அவர். மூமின் மாதிரி ஒரு சின்ன உருவம் அந்தச் சஞ்சிகையில் அவருடைய கையெழுத்துக்குப் பக்கத்தில் எட்டிப் பார்க்கும்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு கதையைத் தொடங்கி, பாதியில் வைத்துவிட்டார். அது 1945இல்தான் புத்தகமாக வெளிவந்தது.

கதை என்ன தெரியுமா? காணாமல் போன அப்பாவைத் தேடி அம்மாவும் மகனும் அலைகிறார்கள். வெள்ளம் வந்து வீடுகளை அடித்துச் செல்கிறது.

போரில் ஃபின்லந்து இழந்த பகுதிகளிலிருந்து 400,000க்கும் அதிகமானோர் வெளியேற நேர்ந்தது. வீடிழந்த குடும்பம் என்றால் என்ன என்பது அன்றைய வாசகர்களுக்கு நன்றாகவே தெரியும்.

அடுத்த புத்தகம் 1946இல் வந்தது. அதில் ஒரு வால்நட்சத்திரம் பூமியை நோக்கிப் பாய்ந்து வருகிறது.

அரும்பொருளகத்தில் என்னென்ன இருக்கு?

1986இல் யான்சன் ஏறக்குறைய 2,000 படைப்புகளைத் தம்பெரே நகரின் கலை அரும்பொருளகத்துக்கு அன்பளிப்பாகத் தந்தார். மறு ஆண்டே அவை மக்கள் பார்வைக்கு வந்தன. முதலில் நகர நூலகக் கட்டடத்தில் இருந்த காட்சிக்கூடம், 2017இல் தம்பெரே இசை அரங்கக் கட்டடத்துக்கு மாறியது.

நீங்கள் அங்கே போனால் முதலில் படங்களின் அளவு ஆச்சரியப்படுத்தும். பெரிய சுவரொட்டிகளில் பார்த்த காட்சிகள், அசலில் சின்னச் சின்னத் தாள்களில் இருக்கும். மையால் போட்ட கோடுகள் அவ்வளவு நுணுக்கம்.

மையும் நீர்வண்ணமும் வெளிச்சம் பட்டால் மெல்ல மெல்ல மங்கும். தாள் பழுப்பேறும். மங்கியது மங்கியதுதான், திரும்ப வராது. அதனால்தான் இத்தகைய படங்களைக் குறைந்த வெளிச்சத்தில் காட்டுகிறார்கள்.

இன்னொரு முக்கியமான காட்சிப்பொருள், நீல நிற மூமின் வீடு. உயரம் 2 மீட்டருக்கும் மேல். யான்சனும் அவருடைய வாழ்க்கைத் துணையான ஓவியர் தூலிக்கி பியெதிலாவும் நண்பர் பென்த்தி எய்ஸ்தொலாவும் 1970களின் பிற்பகுதியில் சேர்ந்து கட்டியது. உள்ளே குட்டிக் குட்டி நாற்காலி, பாத்திரம், புத்தகம் எல்லாம் உண்டு.

புத்தகக் காட்சிகளைப் பியெதிலா சிறு மாதிரிகளாகவும் செய்து வைத்திருக்கிறார். கதைகளில் வரும் டூ-டிக்கி பாத்திரத்துக்கு முன்மாதிரியே அவர்தான்.

இன்றைக்கும் ஏன் படிக்கிறார்கள்?

இந்தக் கதைகள் "பயப்படாதே, ஒன்றும் ஆகாது" என்று சொல்வதில்லை. வெள்ளம் நிஜமாகவே வரும். வால்நட்சத்திரமும் வரும். அந்த நேரத்தில் யார் யாருக்குக் கதவைத் திறக்கிறார்கள் என்பதுதான் கதை.

க்ரோக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1965இல் வந்த புத்தகத்தில் மூமின்ட்ரோல் ஒவ்வோர் இரவும் விளக்கோடு அவளைப் பார்க்கப் போகிறான். அவள் விளக்குக்காகத்தான் வருகிறாள் என்று நினைக்கிறான். எண்ணெய் தீர்ந்த இரவில் வெறுங்கையோடு போகிறான். அவனைக் கண்ட சந்தோஷத்தில் க்ரோக் ஆடுகிறாள். அவள் போன பிறகு அந்த இடம் உறையவில்லை.

சரி, எதிலிருந்து தொடங்கலாம்?

• சிரிக்க வேண்டுமா? 1948இல் வந்த, மந்திரவாதியின் தொப்பி பற்றிய கதையை எடுங்கள். ஆங்கிலத்தில் அதன் பெயர் 'ஃபின் ஃபேமிலி மூமின்ட்ரோல்'.

• புதிய பள்ளி, புதிய வேலை, புதிய ஊர் என்று தனியாக இருக்கிறீர்களா? 'மூமின்லேண்ட் மிட்வின்டர்' படியுங்கள். வீடே தூங்கும்போது மூமின்ட்ரோல் மட்டும் விழித்துக்கொண்டு, முதன்முறையாகப் பனிக்காலத்தைப் பார்க்கும் கதை.