வாடகைக் குடியிருப்போருக்கான இலவசச் சட்ட உதவி

வீட்டைக் காலி செய்யச் சொல்லி நெருக்கப்படும் ஏழைக் குடும்பத்துக்கு வக்கீல், ஆலோசனை, நீதிமன்றக் கட்டணம், ஆவண நகல் ஆகியவற்றை அரசுச் செலவில் அளிக்கும் ஏற்பாடு இது. 1976-இல் 42-ஆவது திருத்தத்தின் வழியாக அரசமைப்பில் சேர்ந்த 39-அ பிரிவு இதற்கு அடிப்படை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தபோதுதான் அந்தப் பிரிவுக்கு அலுவலகமும் ஆளும் கிடைத்தன. விருதுநகர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், திருச்சுழி வட்டம் நரிக்குடி ஒன்றியத்தில் உள்ள வீரசோழனில் இந்த உதவி எப்படிப் பொருந்துகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வீட்டு வாடகையைப் பொறுத்தவரை, ஊருக்கு ஊர் சட்டம் மாறுகிறது. பக்கத்து அருப்புக்கோட்டை நகராட்சி. அங்கே தமிழ்நாடு வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2017 செல்லும். 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு 2019 பிப்ரவரி 22-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அது. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவர் வாடகை அதிகாரியாக இருப்பார். குடிநீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி ஆளை விரட்ட வீட்டுக்காரருக்கு உரிமை கிடையாது. வாடகைப் பாக்கிக்காக வழக்கு வந்தால், நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் பாக்கியை வட்டியுடன் கட்டி வீட்டைக் காப்பாற்றிக்கொள்ளலாம். வீட்டுக்குள்ளேயே குழித்தறி வைத்திருக்கும் நெசவாளிக்கு இந்த ஒரு மாதம் பெரிது. அவர் வீட்டை இழந்தால் தொழிலையும் சேர்த்தே இழக்கிறார்.

வீரசோழன் ஊராட்சி. 2017 சட்டம் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி போன்ற நகர்ப்புறங்களுக்கானது என்பதால் இந்த ஊர் அதற்குள் வராது. இங்கே 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம்தான் பேசும். மாத வாடகைக் குடியை முடிக்க அதன் 106-ஆவது பிரிவு கேட்பது 15 நாள் நோட்டீஸ் மட்டுமே. அதன் பிறகு உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கு. காரணம் காட்ட வேண்டிய கட்டாயம்கூட வீட்டுக்காரருக்கு இல்லை. ஒரே மாவட்டத்தில், ஒரே அளவு வருமானத்தில் வாழும் இரண்டு குடும்பங்களில் ஒன்றுக்குக் கவசமும் மற்றதற்கு வெறுங்கையும் கிடைப்பது நியாயமான பாகுபாடு அல்ல.

வெறுங்கை என்றாலும் வழியே இல்லை என்று பொருளில்லை. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் பூட்டுப் போட்டு, சாமான்களைத் தெருவில் எறிந்தால், வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்துடைப்புச் சட்டத்தின் 6-ஆவது பிரிவின்படி வழக்குப் போட்டு மறுபடி குடியேறலாம். அந்த வழக்கில் சொத்து யாருடையது என்ற கேள்வி எழாது. யாரை, எப்படி வெளியேற்றினார்கள் என்பதுதான் கேள்வி. ஒருவரின் நிலைத்த அனுபோகத்தைச் சட்ட வழியில் அல்லாமல் பறிக்கக் கூடாது என்று 1989-இல் கிருஷ்ணராம் மகாலே வழக்கிலும் 2003-இல் ராமே கௌடா வழக்கிலும் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது.

தென்மாவட்டங்களில் இதைவிடச் சிக்கலானது ஒத்தி. மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து, வாடகை இல்லாமல் குடியிருந்து, போகும்போது தொகையைத் திரும்பப் பெறும் வழக்கம் இது. சட்டத்தின் கண்ணில் இது வாடகை அல்ல; அனுபோக அடமானம். நூறு ரூபாய்க்கும் அதற்கு மேலும் உள்ள தொகைக்கு இத்தகைய அடமானத்தைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்த ஒத்தி என்றால், பணம் கைக்கு வரும்வரை வீட்டைவிட்டுப் போக வேண்டியதில்லை. பெரும்பாலானோர் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வதோடு விட்டுவிடுகிறார்கள். வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டாலோ, வங்கிக் கடனுக்காக வீடு ஏலத்துக்குப் போனாலோ, நகையை விற்றுக் கொடுத்த ஒத்திப் பணம் தனி வழக்காகிவிடும். ஒத்திக்குப் போகுமுன் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்கச் சொல்வதே ஒரு சட்ட உதவிதான். சொல்லப்போனால், மிகப் பயனுள்ள உதவி.

விவசாயக் கூலிகள் பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த குடியிருப்புகளுக்குத் தனிச் சட்டங்கள் உண்டு. 1961-ஆம் ஆண்டின் சட்டம் அவர்களை வெளியேற்றத் தடை விதித்தது. 1971-ஆம் ஆண்டின் சட்டம் அப்போது குடியிருந்தவர்களுக்கு அந்த மனையையே உரிமையாக்கியது. குத்தகைக்கு உழுபவர்களை 1955-ஆம் ஆண்டின் பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. கண்மாய்ப் புறம்போக்கில் வீடு கட்டியவர்களை அகற்ற 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வாசலில் வந்து நிற்பது எந்தச் சட்டம் என்று பிரித்துச் சொல்ல ஆள் வேண்டும். இலவச வக்கீலின் முதல் வேலை அதுதான்.

யார் இந்த உதவியைப் பெறலாம் என்பதை 1987 சட்டத்தின் 12-ஆவது பிரிவு சொல்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு இல்லை. மற்றவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் மூன்று லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஒரே வீட்டை வாடகைக்கு விட்டு அந்தப் பணத்தில் சாப்பிடும் கைம்பெண்ணும் இதே உதவிக்கு உரியவர். உதவி வாடகைதாரர் பக்கத்துக்கு மட்டும் உரியது அல்ல.

உரிமை விரிவாக இருக்கிறது, தூரம்தான் இடிக்கிறது. மாவட்டத் தலைநகர் விருதுநகர் என்றாலும் முதன்மை மாவட்ட நீதிமன்றமும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். அது மேற்கே மலையடிவாரம். வீரசோழன் கிழக்கு எல்லை. அருப்புக்கோட்டை போன்ற நீதிமன்ற ஊர்களில் வட்டச் சட்டப் பணிகள் குழுக்கள் இருப்பதால் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போக வேண்டியதில்லை. ஆனாலும் வக்கீல் நோட்டீஸைப் பிரிக்காமலே உத்தரத்தில் செருகி வைப்பவர் அங்கேயும் போவதில்லை. சம்மன் கிடைத்த 30 நாளுக்குள் பதிலுரை போட வேண்டும். போகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி எனும் ஒருதலைத் தீர்ப்பு, அதன் பின் அதை நிறைவேற்ற வரும் நீதிமன்ற அமீனா. நீதிமன்றத்தில் தோற்றவர்களைவிட அங்கே போகாமலே வீட்டை இழந்தவர்களுக்காகத்தான் இந்த ஏற்பாடு கவலைப்பட வேண்டும். ஆணைக்குழுவின் சட்டம் சார் தன்னார்வலர்கள் வாரச்சந்தை கூடும் இடத்திலும் பள்ளிவாசல், கோயில் வாசலிலும் உட்கார்ந்தால் பாதி வழக்குகளுக்கு அங்கேயே வழி பிறக்கும்.

2017-இல் நியூயார்க் நகரம், காலி செய்யும் வழக்கைச் சந்திக்கும் ஏழை வாடகைதாரருக்கு வக்கீல் வைத்துத் தரும் சட்டத்தை இயற்றியது. அமெரிக்க நகரங்களில் அதுவே முதலாவது. நம்மூரில் பெண்களுக்கு 1995 முதல் அந்த உரிமை இருக்கிறது. கேட்டுப் பெறுவதுதான் குறைவு.

மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிப்பதும் உண்டு. பள்ளி ஆண்டு முடியும்வரை தவணை, அட்வான்ஸைத் திருப்பித் தரும் தேதி போன்றவற்றை அங்கே ஒத்துக்கொள்ளலாம். கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் அந்தத் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது. ஒப்புக்கொண்ட நாளில் காலி செய்யாவிட்டால் அதையே கொண்டு வெளியேற்றலாம். வாசிக்கச் சொல்லிக் கேட்காமல் அதில் கையெழுத்துப் போடக் கூடாது.

உதவி கேட்க அச்சிட்ட படிவம் தேவையில்லை. வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அலுவலகத்தில் எழுதிக்கொள்வார்கள். கட்டணமில்லாத் தொலைபேசி எண் 15100. நோட்டீஸ் வந்த அன்றே கூப்பிடுங்கள்.