சிலிம் ரிவரும் தோட்டத்துப் பாதைகளும்

மலேசியாவில் காட்டுப்பாதை ஓட்டத்தின் வரலாற்றைக் கூறுவோர், 1938ஆம் ஆண்டு கோலாலம்பூரில் தோன்றிய ஹேஷ் ஹவுஸ் ஹேரியர்ஸ் குழுவிலிருந்தே தொடங்குவர். தாள் துண்டுகளால் தடமிட்டு, அக்குழுவினர் ரப்பர்த் தோட்டங்களினூடே ஓடினர். ஆயின், அத்தோட்டங்களில் வழி ஏற்படுத்தியோர் யாவர் என்னும் வினாவை நாம் எழுப்புதல் வேண்டும். விடியுமுன் பெரட்டு முடித்து, பால்மரம் சீவ நிரைதோறும் நடந்த தமிழ்த் தொழிலாளரின் கால்களுக்கு அதில் பெரும் பங்குண்டு.

தோட்டத்து வழிகள் போரின் போக்கையும் மாற்றவல்லவை என்பதற்குச் சிலிம் ரிவர் சான்றாகும். 1942 ஜனவரி 7ஆம் நாள் விடியுமுன், ஜப்பானிய டாங்கிகள் துரோலாக் பகுதியில் பெருஞ்சாலையிலும், ரப்பர் மரங்களிடையே கைவிடப்பட்டுக் கிடந்த பழைய சாலை வளைவுகளிலும் புகுந்து, 11ஆம் இந்தியப் படைப்பிரிவின் தடுப்புகளைக் கடந்தன. சிதறிய வீரர் பலர் காட்டுவழியே தெற்கு நோக்கி நடந்தனர். ஹேரியர்ஸ் நிறுவனருள் ஒருவரான கிஸ்பர்ட் அடுத்த மாதமே சிங்கப்பூர்ப் போரில் மாண்டார்.

போர் வரலாறு படைகளைப் பெயர் சுட்டிப் பேசுகிறது; ஓட்டக்குழு தன் நிறுவனரை நினைவுகூர்கிறது. பாதையிட்டவர்க்கு அத்தகைய பதிவு அரிது. ரப்பர் அழிந்து செம்பனை பரவிய இடங்களில் நிரைகளும் மறைந்தன. எனவே, தோட்டத்து முதியோரிடம் பாதைகளின் பெயர்களைக் கேட்டறிந்து, மாணவரைக் கொண்டு வரைபடமாக்குவது தமிழாசிரியர் காலந்தாழ்த்தாது மேற்கொள்ளத்தக்க வரலாற்றுப் பணியாகும்.