வேதாளையில் நிற்காத பேருந்து

இராமேசுவரத் தீவுக்குப் பேருந்தில் ஏறி அமர்ந்தபடியே போய்ச் சேரலாம் என்பது 1988-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாளுக்குப் பிறகு வந்த வசதி. அன்றுதான் பாம்பன் சாலைப் பாலத்தைப் பிரதமர் இராஜீவ் காந்தி திறந்து வைத்தார். ஏறத்தாழ இரண்டேகால் கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலம் கட்டி முடிக்கப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. அதற்கு முன் தீவுக்குச் செல்ல விரும்பியோர் மண்டபத்தோடு பேருந்தை விட்டு இறங்கி இரயில் ஏறவேண்டும்; 1914-க்கு முன்போ, படகை நம்பியே கடல் கடக்க வேண்டும். தனுஷ்கோடி முனைவரை தார்ச்சாலை போடப்பட்டதோ இன்னும் அண்மையில், 2017-இல். ஆக, இன்று நம் பங்குகளில் கோடை விடுமுறைதோறும் ஏற்பாடாகும் ‘தனுஷ்கோடி கடற்கரைச் சுற்றுலா’ என்பது பழைய திருயாத்திரையின் தொடர்ச்சிபோலத் தோன்றினும், உண்மையில் ஒரு தலைமுறையின் வயதுகூட நிரம்பாத புதுப்பழக்கம்.

ஜவ்வாது மலையிலிருந்து இராமேசுவரம் நானூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. ஆகவே ஜமுனாமரத்தூர்ப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து ஒருநாள் சுற்றுலா என்றால் அது இரண்டு இரவுகளும் ஒரு பகலும் ஆகும். பொழுது சாயப் புறப்பட்டு, மலைப்பாதையின் வளைவுகளில் இறங்கி, வண்டியிலேயே செபமாலை சொல்லி, உறங்கி, விடியலில் இராமநாதபுரம் சேர்வார்கள். அன்றைய பகல் முழுவதும் தீவு. மறுபடி இரவெல்லாம் பயணம். செய்யாறு இம்மலையில் பிறந்து பாலாற்றில் கலந்து வங்கக் கடலைச் சேருகிறது. மலைவாழ் மக்களில் வயது முதிர்ந்தோர் பலர், தம் ஊற்றுநீர் சென்றடையும் அந்தக் கடலை ஒருமுறைகூடக் கண்டிராதவர்கள். அவர்களை அழைத்துச் செல்வது நல்ல செயல். அதில் எனக்கு ஐயமில்லை. என் கவலை வேறு. அந்த ஒரு பகலில் அவர்களுக்குச் சொல்லப்படுவது என்ன, சொல்லாமல் விடப்படுவது என்ன என்பதே அது.

இராமநாதபுரத்தைக் கடந்து மண்டபம் நோக்கிச் செல்லும் சாலையில் வேதாளை என்றொரு கடலோர ஊர் வருகிறது. சுற்றுலாப் பேருந்துகள் அங்கே நிற்பதில்லை. நின்றாலும் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். ஆயினும் நம் மறையின் வரலாற்றில் அவ்வூருக்கு உள்ள இடம் சிறியதன்று. இயேசு சபையின் முதல் மறைசாட்சி என்று போற்றப்படும் அருள்தந்தை அந்தோனி கிரிமினாலி 1549-இல் குருதி சிந்திய மண் அது.

இத்தாலி நாட்டில் பார்மா நகருக்கு அருகிலுள்ள சிஸ்ஸா என்னும் ஊரில் 1520-இல் பிறந்தவர் அவர். 1545-இல் இந்தியா வந்தார். முத்துக்குளித்துறையில் உழைத்த மறைப்பணியாளர்களுக்குத் தலைவராகப் புனித சவேரியார் அவரையே நியமித்தார். கன்னியாகுமரி முதல் வேதாளை வரையுள்ள கடற்கரை ஊர்களைக் கால்நடையாகவே பலமுறை சுற்றி வந்தவர். இறக்கும்போது அவருக்கு வயது இருபத்தொன்பது. இவ்வளவும் நம் மறைக்கல்வி நூல்களில் இடம்பெறத் தக்கவையே. ஆனால் அவர் ஏன் கொல்லப்பட்டார் என்ற வினாவுக்கு வரும்போதுதான் நம் நாக்கு சற்றுத் தடுமாறுகிறது.

இராமேசுவரத்துக்குச் செல்லும் இந்து யாத்திரிகர்கள் வேதாளை வழியாகவே கடலை அடைய வேண்டியிருந்தது. அங்கே கோட்டை கட்டிக்கொண்டிருந்த போர்த்துக்கீசியத் தளபதி, நிலத்தின் குறுக்கே தடுப்பு அமைத்து, வரி கொடுத்தாலன்றி யாத்திரிகரைக் கடக்க விடவில்லை. காசியிலிருந்து மாதக்கணக்கில் நடந்து வந்தவனுக்கும் அதே கதிதான். ஆலயத்தாரின் முறையீடு எழுந்தது, சினமும் மூண்டது, வடுகர் படை திரண்டு வந்தது. அந்தப் பெரும்படைக்கு முன் போர்த்துக்கீசிய வீரர்கள் எம்மாத்திரம்? அவர்கள் கப்பலேறித் தப்பினர். கரையில் எஞ்சியோர் யார்? திருமுழுக்குப் பெற்ற எளிய மீனவக் குடும்பங்கள், பெண்களும் பிள்ளைகளும். கிரிமினாலியும் கப்பலேறியிருக்கலாம். அவர் ஏறவில்லை. பெண்களையும் குழந்தைகளையும் படகுகளுக்கு அனுப்பும் பணியில் கரையிலேயே நின்றார். அங்கேயே ஈட்டிகளால் குத்துண்டு மாண்டார்.

இந்த நிகழ்ச்சியை ‘வேற்று மதத்தார் மறைப்பணியாளரைக் கொன்றனர்’ என்று ஒரே வரியில் சொல்லிவிடுவது எளிது. நம்முள் பலர் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறோம். ஆனால் படையெடுத்து வந்தவர்களின் வழியில் குறுக்கே வைக்கப்பட்டிருந்தது ஒரு சுங்கச் சாவடி என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமை பெறும். பிறர் வழிபாட்டின்மீது விதித்த வரியில் பிறந்தது அந்தப் பகை. வரி வாங்கியவன் தப்பிவிட்டான். அதற்கு விலை கொடுத்தவர் அவ்வரியில் ஒரு காசும் பெறாத இளங்குரு. இவ்வாறு சொல்வதால் கிரிமினாலியின் பெருமை குன்றாது. தம் இனத்தார் கைவிட்ட மக்களைத் தாம் கைவிடவில்லை என்பது அவருடைய சாட்சியத்தை இன்னும் ஒளிபெறச் செய்கிறது என்றே நான் கருதுகிறேன். அவர் இன்றளவும் பீடத்தில் ஏற்றப்படவில்லை. அதே சேதுநாட்டில், ஓரியூரில், 1693-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் தலை வெட்டுண்ட அருளானந்தரை 1947-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் புனிதராக அறிவித்தார். ஓரியூருக்கு நம் பேருந்துகள் தவறாமல் போகின்றன. வேதாளையில் ஐந்து நிமிடம் வண்டியை நிறுத்தி ஒரு பரலோக மந்திரம் சொல்லக்கூடாதா?

வேதாளையை அடுத்து வருவது மண்டபம் முகாம். பேருந்தின் இடப்பக்கம், வலப்பக்கம் என்று வழிகாட்டி கைநீட்டிக் காட்டும் இடங்களில் இது சேர்வதில்லை. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற தமிழர்கள், நோய் எதுவும் கொண்டு செல்கிறார்களா என்று பார்ப்பதற்காகச் சில நாள் இங்கே அடைத்து வைக்கப்பட்டார்கள். அம்மை குத்தி, உடைமைகளைச் சோதித்து, அதன் பின்னரே கப்பலுக்கு அனுப்பினர். 1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி உடன்படிக்கையின்படி அவர்களின் பேரப்பிள்ளைகள் அதே கடல் வழியே திருப்பி அனுப்பப்பட்டனர். 1983 இனக்கலவரத்துக்குப் பின் அகதிகளாக வந்தோருக்கும் இதே முகாம்தான் நிழல் தந்தது. 2022-இல் இலங்கையில் உணவுக்கும் எரிபொருளுக்கும் பஞ்சம் வந்தபோது, கைக்குழந்தைகளோடு தனுஷ்கோடி அருகே மணல்திட்டுகளில் இறக்கிவிடப்பட்ட குடும்பங்களும் இங்கேயே கொண்டுவரப்பட்டன. நாம் குளிர்பானம் அருந்தியபடி கடக்கும் அந்தச் சுவருக்குப் பின்னால் மூன்று தலைமுறைகளின் கண்ணீர் இருக்கிறது.

பாலத்தில் ஏறியதும் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அந்தக் காட்சிக்கு ஈடில்லை; நானும் எழுந்து நிற்பவனே. ஒருபுறம் 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்ட பழைய இரயில் பாலம், நடுவில் கப்பலுக்காகத் திறந்து மூடும் அதன் புகழ்பெற்ற இரட்டைக் கதவுகள். 2022 டிசம்பர் முதல் அதில் இரயில் ஓடவில்லை. அதனருகே, நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலெழும் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பட்டது. பழைய பாலம் எதற்காகக் கட்டப்பட்டது என்பதை இளைஞர்கள் அறிவது நலம். 1914 வரை கொழும்பு செல்வோர் தூத்துக்குடியில் கப்பலேறினர். பாலம் வந்தபின், சென்னை எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, நீராவிக் கப்பலில் தலைமன்னார் சென்று, அங்கிருந்து மீண்டும் இரயிலில் கொழும்பு போனார். ‘போட் மெயில்’ என்று நம் பாட்டன்மார் அழைத்தது இந்தத் தொடர் பயணத்தைத்தான். அரை நூற்றாண்டுக் காலம் தனுஷ்கோடி பரபரப்பான துறைமுக நகரம். இரயில் நிலையம், சுங்க அலுவலகம், அஞ்சலகம், பள்ளி, கோயில், கத்தோலிக்க ஆலயம் எல்லாம் அங்கே இருந்தன.

அந்த நகரம் ஓர் இரவில் முடிந்தது. 1964 டிசம்பர் 22. பம்பாயில் உலக நற்கருணை மாநாடு முடிந்து, திருத்தந்தை ஆறாம் சின்னப்பரை இந்திய மண் வரவேற்று வழியனுப்பிய மகிழ்ச்சி இன்னும் ஆறாத நேரம். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மூன்றே நாள். அந்தமானுக்குத் தெற்கே உருவாகி இலங்கையின் வடபகுதியைச் சாய்த்துவிட்டு வந்த புயல், நள்ளிரவில் தனுஷ்கோடியைத் தாக்கியது. இருபது அடிக்கு மேல் உயர்ந்த கடல் நகரத்தின்மீது ஏறியது. பாம்பனிலிருந்து இரவு 11.55 மணிக்குப் புறப்பட்ட பயணி இரயில், தனுஷ்கோடி நிலையத்துக்குச் சற்று முன்னே கைகாட்டி விளக்கு எரியாததால் நின்றது. பின்னர் இருளில் மெல்ல முன்னேறியது. அலை அதை அப்படியே விழுங்கியது. அதிகாரபூர்வக் கணக்குப்படி 115 பேர். பயணச்சீட்டு வாங்காமல் ஏறியவர்களை யார் எண்ணினார்கள் என்று ஊரார் இன்றும் கேட்கிறார்கள். அப்புயலில் மொத்தம் மாண்டோர் ஏறத்தாழ 1,800 பேர் என்று பொதுவாகக் கூறப்படுகிறது. பாம்பன் பாலத்தின் இரும்புச் சட்டங்களுள் பெரும்பாலானவை கடலில் வீழ்ந்தன. அவற்றைக் கடலடியிலிருந்து மீட்டு 46 நாட்களில் பாலத்தை மீண்டும் நிறுத்திய பொறியாளர் ஸ்ரீதரனின் பெயர் பிற்காலத்தில் கொங்கண் இரயிலாலும் தில்லி மெட்ரோவாலும் நாடறிந்ததாயிற்று. பாலம் பிழைத்தது. நகரத்தை வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. தண்டவாளம் அதற்குப்பின் இராமேசுவரத்தைத் தாண்டவில்லை.

இன்று பேருந்து நிற்கும் இடத்தில், பவளப்பாறைக் கற்களாலும் சுண்ணாம்பாலும் எழுப்பப்பட்ட அந்த ஆலயத்தின் சுவர்கள் கூரையின்றி நிற்கின்றன. பீடம் இருந்த இடத்தின் வளைவு மட்டும் ஓரளவு முழுமையாக இருக்கிறது. தனுஷ்கோடியின் புகைப்படம் என்றாலே இந்த ஆலயம்தான். திரைப்படப் பாடல்களுக்கும் திருமணத்துக்கு முந்தைய படப்பிடிப்புகளுக்கும் அது பின்னணியாகிவிட்டது. திருப்பலி நிறைவேறிய இடத்தில் தொப்பியும் கண்ணாடியும் அணிந்து நின்று படம் எடுக்கிறார்கள். அவர்களைக் கடிந்து பயனில்லை. அது யாருடைய ஆலயம் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஜவ்வாது மலைப் பங்குமக்களோடு நானும் ஒருமுறை சென்றிருந்தேன். எங்களோடு ஏறிய வழிகாட்டி இளைஞர் நல்ல பேச்சாளர். “இது பேய் நகரம். இங்கே மனுஷ நடமாட்டமே கிடையாது” என்று முழங்கினார். பக்கத்திலேயே சிப்பி மாலை விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் சிரித்துவிட்டார். “ஏண்ணே, நாங்க எல்லாம் யாருண்ணே?” என்றார். வழிகாட்டியும் சிரித்துக்கொண்டே அடுத்த இடத்துக்கு நகர்ந்தார். எங்களுள் ஒரு மூதாட்டி மட்டும் நகரவில்லை. “ஏம்மா, குடிக்கிற தண்ணிக்கு என்ன செய்யுறீங்க?” என்று அப்பெண்ணிடம் கேட்டார். மலையில் கோடைக்காலத்தில் ஊற்றுத் தோண்டி நீர் முகந்தவர் அல்லவா? அந்தப் பெண், கடலுக்குச் சில அடி தள்ளி மணலைக் கையால் பறித்தால் நல்ல நீர் ஊறுவதைக் காட்டினார். உப்புக் கடலின் நடுவே இனிய நீர்! இருவரும் தண்ணீரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். வண்டி ஒலி எழுப்பும்வரை வரவில்லை. அன்று அந்தச் சுற்றுலாவில் மெய்யாகவே தனுஷ்கோடியைப் பார்த்தவர் அவர் ஒருவரே என்று நினைக்கிறேன்.

புயலுக்குப் பின்னும் மீனவக் குடும்பங்கள் அங்கே திரும்பி வந்தன. மீன் அங்கே இருந்தது; வலை விரிக்கத் தெரிந்தவர்களுக்கு அரசாணை பெரிதாகப்படவில்லை. மின்சாரம் இன்றி, மருத்துவமனை இன்றி, ஓலைக் குடிசைகளில் பல பத்தாண்டுகள் வாழ்ந்தார்கள். தார்ச்சாலை வந்தபின் அவர்களுக்குக் கொஞ்சம் வருவாய் உண்டு. கூடவே, தங்கள் வீட்டைப் பேய் வீடு என்று நாள்தோறும் கேட்டுக்கொண்டிருக்கும் நிலையும் உண்டு. அரிச்சல்முனையில் இந்திய நிலம் முடிகிறது. இந்துக்கள் மகோததி, இரத்னாகரம் என்று அழைக்கும் இரு கடல்களும் அங்கே கூடுகின்றன. காசி யாத்திரையின் நிறைவாக நீராட மக்கள் நூற்றாண்டுகளாக வந்த இடம். வேதாளையில் வரி கேட்கப்பட்டவர்கள் போக விரும்பியதும் இங்கேதான். மாலையானால் வாகனங்களை வெளியேற்றிவிடுவார்கள். ஆகவே ஓட்டுநர்கள் அவசரப்படுத்துவது இயல்பே.

சுற்றுலாப் பொறுப்பேற்கும் பங்குப் பேரவைகளுக்கு ஒரு வேண்டுகோள். இராமநாதபுரம் மாவட்டம் 1987-இல் உருவான சிவகங்கை மறைமாவட்டத்தின் கீழ் வருகிறது. தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் நம் மக்கள் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். 1964-இல் பத்து வயதுச் சிறுவனாக அந்த இரவைக் கடந்தவருக்கு இன்று எழுபது வயதுக்கு மேல். தனுஷ்கோடி ஆலயத்தில் திருமுழுக்குப் பெற்றவர்களும், அங்கே முதல் நற்கருணை வாங்கியவர்களும் இன்னும் சிலர் இருக்கக்கூடும். முன்கூட்டியே கடிதம் எழுதி, அந்த ஊர்ப் பங்குத்தந்தையின் உதவியோடு, அத்தகைய ஒருவரைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு முனைவரை சென்றால் வாடகை வழிகாட்டி தேவைப்படாது. அவர் சொல்வதை ஒருவர் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளட்டும். புறப்படும் நேரத்தை ஒரு மணி முன்னதாக வைத்தால் வேதாளைக்கும் நேரம் கிடைக்கும்.