தேவசித்தம்: நாம் கற்ற ஒரு பாடத்தின் வரலாறு

கடந்த நூறு ஆண்டுகளில் நமது கல்லூரியில் மாறாதவை மிகச் சில. சீருடை மாறியது. பாடத்திட்டம் மாறியது. போதனாமொழி ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாறியது. செபங்களின் சொற்களும் மாறின. பரலோக மந்திரத்தில் நம் மூத்தவர்கள் 'சித்தம்' என்றார்கள். பின்வந்தவர்கள் 'திருவுளம்' என்கிறோம். ஆயினும் வீட்டுக்கு மரணச்செய்தி வந்தாலும், பிள்ளையின் பரீட்சைப் பெறுபேறு பிழைத்தாலும், நமது வாயில் முதலில் வருவது அந்தப் பழைய சொல்தான்: தேவசித்தம். அச்சொல் நம் கைக்கு வந்த வழியையும், அது நன்றாகவும் தவறாகவும் பயன்பட்ட விதத்தையும் இம்மலரில் பதிந்து வைக்க விரும்புகிறோம்.

இலங்கையில் இப்பாடத்தின் முதல் பெரும் ஆசிரியர் புனித யோசவ்வாஸ் அடிகளார். ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், அவர் கோவாவிலிருந்து ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தார். வந்ததும் வராததுமாகக் கடும் வயிற்றோட்டத்தில் விழுந்தார். 1692இல் கண்டிக்குச் சென்றபோது ஒற்றர் என்று சந்தேகிக்கப்பட்டுச் சிறை வைக்கப்பட்டார். நோயையும் சிறையையும் அவர் முறையிடாமல் ஏற்றார். ஆனால் 1697இல் கண்டியில் பெரியம்மை பரவி, மக்கள் நகரை விட்டு ஓடியபோது, "இதுவும் ஆண்டவர் சித்தம்" என்று சொல்லிக் கைகட்டி நிற்கவில்லை. கைவிடப்பட்ட நோயாளரைத் தேடிச் சென்று கழுவினார், உணவளித்தார், இறந்தோரை அடக்கம் செய்தார். தனக்கு வந்த துன்பத்தை ஏற்றுக்கொண்ட அதே மனிதர், பிறருக்கு வந்த துன்பத்தோடு போராடினார். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தியபோது நம்மில் பலர் அங்கே இருந்தோம். கடல் கடந்திருந்தோர் தொலைக்காட்சியில் பார்த்தோம்.

வகுப்புத் தொடங்குமுன் நாம் சொன்ன காலை ஒப்புக்கொடுத்தலுக்கு வேறொரு ஊரில் வேர் உண்டு. பிரான்சின் வால்ஸ் என்ற இடத்தில் இயேசுசபை மாணவர்கள் குருத்துவப் படிப்பில் இருந்தார்கள். மதுரை மிஷனிலிருந்து வந்த செய்திகளைக் கேட்டு அவர்களுக்குப் புத்தகத்தில் மனம் செல்லவில்லை; உடனே கப்பலேற வேண்டும் என்ற தவிப்பு. 1844ஆம் ஆண்டு, புனித சவேரியார் திருநாளான டிசம்பர் 3ஆம் திகதி, அவர்களுடைய ஆன்ம குரு கோத்ரெலே அடிகளார் ஒரு வழி காட்டினார். இன்று உங்களுக்கு இறைவன் தந்திருப்பது படிப்பு; அதையே மிஷனுக்காக ஒப்புக்கொடுங்கள் என்பது அவர் அறிவுரையின் சாரம். செபத்தின் அப்போஸ்தலத்துவம் என்ற உலகளாவிய இயக்கம் அதிலிருந்தே பிறந்தது. கணக்குப் பாடம் கசந்த நாளிலும், விடுதிச் சோறு தொண்டையில் இறங்காத நாளிலும், "இதையும் ஒப்புக்கொடு பிள்ளை" என்று நமக்குச் சொல்லப்பட்டதன் பின்னணி இதுதான்.

அந்த இயக்கத்தை உலகெங்கும் பரப்பிய ராமியேர் அடிகளார், 1861இல் ஒரு பழைய கையெழுத்துப் பிரதியை நூலாக வெளியிட்டார். நான்சி நகரின் கன்னியருக்கு வழிகாட்டியாயிருந்த கோசாத் அடிகளாரின் பெயரில் அது வெளிவந்தது. இறைசித்தத்தைத் தூரத்தில் தேட வேண்டாம், இந்த நிமிடம் கையில் இருக்கும் கடமையே அது என்பதே அந்நூலின் போதனை. அடுத்த ஆண்டு, 1862இல், போர்தோ நகரில் தொடங்கிய திருக்குடும்பக் கன்னியர் யாழ்ப்பாணம் வந்தனர். வடபகுதிப் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தும் தையலும் இசையும் கற்பித்த கன்னியர்மார், அக்காலப் பிரெஞ்சு பக்தியின் இந்த மூச்சையும் உடன் கொண்டுவந்தார்கள். பின்னர் 1925இல் குழந்தை யேசுவின் புனித தெரேசம்மாள் புனிதராக அறிவிக்கப்பட்டதும், அவரது படம் ரோசாமலர்களுடன் நம் வகுப்பறைச் சுவர்களுக்கு வந்து சேர்ந்தது. 24 வயதில் காசநோயால் மரித்த அவர் மடத்தை விட்டு எங்கும் போதிக்கச் செல்லவில்லை. இருந்தும் 1927இல் மிஷன்களின் பாதுகாவலியானார். சிறிய வேலையை அன்போடு செய்வதே பெரிய காரியம் என்று அவரைக் காட்டி நமக்குச் சொன்னார்கள்.

ஏற்றுக்கொள்வது என்றால் எதிர்த்துப் பேசாதிருப்பது என்று பொருளில்லை என்பதை நம் கல்வி வரலாறே காட்டிற்று. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளின் நிர்வாகத்தை அரசு பொறுப்பேற்றது. ஆயர்கள் எதிர்த்தார்கள். பல ஊர்களில் பெற்றோர் பாடசாலைக்குள்ளேயே தங்கிக் காவல் இருந்தார்கள். சட்டம் நின்றது. அதன்பின் தனியாராக நின்ற பாடசாலைகள் கட்டணம் அறவிட முடியாமல் நன்கொடையில் நாளைக் கடத்தின. அரசிடம் சென்ற பாடசாலைகள் பலவற்றில் கன்னியர் அதே வகுப்பறையில், அதே பிள்ளைகளுக்குத் தொடர்ந்து கற்பித்தார்கள். முடிந்தவரை போராடுவதும், முடியாதபோது மனங்கசக்காமல் அடுத்த கடமையை எடுப்பதும் ஒரே விசுவாசத்தின் இரண்டு பக்கங்கள்.

இதற்குப்பின் வந்த ஆண்டுகளே இச்சொல்லைக் கடுமையாகச் சோதித்தன. 1995 ஜூலை 9ஆம் திகதி நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்தோர் மீது குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கும் அதிகமானோர் மாண்டனர். அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி குடாநாடே எழுந்து நடந்தது. 2004 மார்கழியில் கடல் வந்தது. 2009இல் வன்னியில் நேர்ந்ததை விவரிக்க இப்பக்கம் போதாது. இந்த வீடுகளுக்கெல்லாம் நாம் துக்கம் விசாரிக்கப் போனோம். "தேவசித்தம், அக்கா, அழாதேங்கோ" என்று நாம் சொன்ன இடங்களும் உண்டு. பிறர் நமக்குச் சொன்ன இடங்களும் உண்டு. சில இடங்களில் அது மருந்தாயிற்று. சில இடங்களில் அது வாயடைக்கும் துணியாயிற்று.

மனிதன் போட்ட குண்டை இறைவன் விரும்பினார் என்று நம் மறை கற்பிக்கவில்லை. தீமையை அவர் அனுமதிப்பது வேறு, விரும்புவது வேறு என்று ஞானோபதேச வகுப்பிலேயே படித்தோம். மூவேளையும் மணி அடிக்கும்போது நாம் நினைவுகூர்ந்த அன்னை மரியாளும் வானதூதரிடம் ஒரு கேள்வி கேட்ட பின்னரே சம்மதம் தந்தார். ஆண்டவரும் கெத்சமனியில் துன்பக் கிண்ணம் அகலவேண்டும் என்று முதலில் கேட்டார்; அதன் பின்னரே தந்தையின் சித்தத்துக்குத் தம்மைக் கையளித்தார். கேள்வியும் கண்ணீரும் அந்தச் செபத்துக்கு உள்ளேயே இருக்கின்றன.

ஆகவே 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு வீதியோரம் அமர்ந்த தாய்மார் இறைசித்தத்தை ஏற்காதவர்கள் என்று எவரும் சொல்ல வேண்டாம். உண்மையைக் கேட்பது அவர்களுக்கு அன்றன்றைக்குத் தரப்பட்ட கடமை. அந்தத் தாயின் பக்கத்தில் இருக்கும் நமக்குத் தரப்பட்ட கடமை, விளக்கம் சொல்வதல்ல. தேநீர் கொண்டுபோய்க் கொடுத்து, கூட இருப்பது.

இன்று நாம் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் மெல்பேணிலும், மன்னாரிலும் மட்டக்களப்பிலும் பரந்து வாழ்கிறோம். இரவு வேலை முடித்துவரும் தாதி, நினைவு தப்பிய மாமியாருக்குச் சோறூட்டும் மருமகள், ஓய்வுபெற்றும் மாலை வகுப்பு நடத்தும் ஆசிரியை: இவர்கள் யாவரும் நம் பழைய மாணவிகளே. இவர்களில் பலர் செபப்புத்தகத்தைத் திறந்து நாளாயிருக்கலாம். ஆனால் காலையில் எழுந்து, வந்த வேலையை முகஞ்சுளிக்காமல் எடுக்கும்போது, வகுப்பு மணிக்குமுன் கற்ற அந்தச் சிறு செபத்தையே அவர்கள் செய்துகொண்டிருக்கிறார்கள். நம்மை உருவாக்கிய கன்னியர்மாருக்கும் ஆசிரியர்களுக்கும் இந்நூற்றாண்டில் நாம் செலுத்தும் நன்றியும் அதுவே. இனி வரும் தங்கைமாருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது பாடத்தை முழுதாகவே சொல்லிக்கொடுப்போம்: செய்யக்கூடியதைச் செய், கேட்கவேண்டியதைக் கேள், மிஞ்சியதை அவர் கையில் கொடு.