மின்காரின் படமும் சட்டகத்துக்குள் வந்த ஓர் அம்மாவும்

கடந்த வருடம் கெலிஓயாவில் ஒரு மின்காரை விளம்பரத்துக்காகப் படம்பிடிக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. சுயாதீன ஊடகவியலாளராக எழுதிக் கிடைக்கும் பணத்தில் ஒரு மாத வாடகையைக்கூடக் கட்ட முடியாது. கலியாண வீடுகளும் விளம்பரங்களும்தான் என் கமராவுக்குச் சோறு போடுகின்றன. ஊடகக் கற்கையில் பட்டம் பெற்று வெளியே வரும் எங்கள் இளைஞர்கள் பலருக்கும் இதே நிலைதான். இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதையும், அன்று நான் கற்றுக்கொண்ட ஒன்றையும் அவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் பெற்றோல் வரிசைகளில் நாட்கணக்கில் நின்றோம். 2025 பெப்ரவரி 1 முதல் தனியார் வாகனங்களை இறக்குமதி செய்ய மீண்டும் அனுமதி கிடைத்தபோது மின்கார்களும் வரத் தொடங்கின. கூடவே விளம்பரங்களும் வந்தன. பெற்றோல் இல்லாத வாழ்க்கை எங்கள் வீடுகளுக்குப் புதிதல்ல. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலியில் செய்தி கேட்டார்கள். அன்று ரோர்ச் பற்றரிக்கும் தடை இருந்தது. முழுக்கப் பற்றரியில் ஓடும் காரைப் படமெடுக்கப் போகிறேன் என்று சொன்னபோது அப்பா சிரித்துவிட்டார்.

பேராதனையிலிருந்து கம்பளைக்குப் போகும் ஏ5 வீதியில், மகாவலிக்கு அருகே இருக்கிறது கெலிஓயா. இதே வீதி நுவரெலியா, பதுளை கடந்து மட்டக்களப்பின் செங்கலடியில் போய் முடிகிறது. விளம்பர நிறுவனத்தார் கேட்டது பனிமூட்டம், தேயிலைச் சரிவு, வளைந்த பாதை. கடைத்தெருவுக்கு மேலே ஒரு தோட்டப் பாதையைத் தெரிவுசெய்தோம். தோட்டப் பாதை பொதுப்பாதை போலத் தெரிந்தாலும் நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் பெற வேண்டும். ட்ரோன் பறக்கவிடுவதென்றால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதியும் தேவை.

காரைப் படமெடுப்பதில் முதற்பாடம், கார் ஒரு கண்ணாடி என்பது. அதன் பின்னால் என்ன இருக்கிறது என்பதைவிட எதிரே என்ன இருக்கிறது என்பதே முக்கியம். எதிரே மின்கம்பம் நின்றால் அது கதவில் கோணலாகத் தெரியும். நீங்கள் சிவப்புச் சட்டை போட்டிருந்தால் அதுவும் தெரியும். அதனால்தான் சூரியன் எழுவதற்கு முந்தைய அரைமணி நேரத்துக்காக இரவு 3 மணிக்கே எழும்புகிறோம். அப்போது வானம் முழுவதும் ஒரே மென்மையான விளக்காக இருக்கும்.

கமராவை முன்விளக்கின் உயரத்துக்கு இறக்க வேண்டும். அகலக்கோண லென்ஸ் காரின் மூக்கை ஊதிப் பெருக்கிக் காட்டும். தூரத்தில் நின்று 70 முதல் 100 மில்லிமீற்றர் வரையான லென்ஸில் எடுப்பது நல்லது. முன்சக்கரத்தைச் சற்றுத் திருப்பி, அதன் முகம் கமராவைப் பார்க்கும்படி வைக்க வேண்டும். பொலரைசர் வடிகட்டி முன்கண்ணாடியின் பிரதிபலிப்பைக் குறைக்கும். ஆனால் பக்கக் கண்ணாடிகளில் புள்ளிகளையும் பட்டைகளையும் வெளிக்கொண்டு வரலாம். எல்ஈடி விளக்குகள் வேகமான ஷட்டரில் அணைந்ததுபோல் பதிவாகக்கூடும். வேகத்தைக் குறைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும். கமராவை ஸ்டாண்டில் அசையாமல் வைத்துப் பல படங்கள் எடுத்து, பிறகு கணினியில் ஒன்றாக்குவார்கள். விளம்பரத்தில் நீங்கள் பார்க்கும் ஒரு படம், பெரும்பாலும் பத்துப் படங்களின் நல்ல பகுதிகள்.

மின்காருக்குப் புகைக்குழாய் இல்லை. ஆகவே மின்னேற்றும் துளை, திரை, வெறுமையான முன்முகம் ஆகியவையே கதை சொல்ல வேண்டும். பச்சை மலைக்கு முன்னால் நிறுத்திவிட்டால் கார் தூய்மையானது என்று பார்ப்பவர் தானாக நினைத்துக்கொள்வார். அதில் பாதி உண்மை உண்டு. கெலிஓயாவுக்கு மேலே கொத்மலை நீர்மின் நிலையம் 201 மெகாவொட் கொள்ளளவு கொண்டது. ஆனால் அதே மின்கட்டமைப்பில்தான் நிலக்கரி எரிக்கும் 900 மெகாவொட் நுரைச்சோலையும் இருக்கிறது. படத்துக்கு வாசகம் எழுதும் பொறுப்பு உங்களுக்கு வந்தால் இதை மறக்க வேண்டாம்.

கடைசியாக ஓடும் காரை எடுத்தோம். காரில் ஒரு நீண்ட கம்பியைப் பொருத்தி, அதன் நுனியில் கமராவைக் கட்டி, நடை வேகத்தில் காரை உருட்டி, ஷட்டரை அரை விநாடி திறந்துவைத்தால் பாதை கோடுகளாக ஓடும். கார் மட்டும் தெளிவாக நிற்கும். கம்பியைப் பிறகு அழித்துவிடலாம்.

அப்படி உருட்டும்போதுதான் வளைவில் ஒரு அம்மா விறகுக்கட்டோடு நடந்துகொண்டிருந்தார். பக்கத்து ஓடையின் இரைச்சலில் பின்னால் வந்த கார் அவருக்குக் கேட்கவில்லை. சாரதி பிரேக் அடித்தார். அவர் திடுக்கிட்டு ஒதுங்கியதில் கட்டுச் சரிந்தது. "என்னா தம்பி, சத்தமே இல்லாம வருது!" என்றார். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 ஜூலை முதல் புதிய மாதிரி மின்கார்கள் குறைந்த வேகத்தில் எச்சரிக்கை ஒலி எழுப்ப வேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டம் எதற்காக என்பது எனக்கு அன்று விளங்கியது. ஓடும் காரை எடுப்பதானால் வளைவின் இரண்டு பக்கமும் ஆள் நிறுத்துங்கள். நாங்கள் நிறுத்தவில்லை, அது எங்கள் பிழை.

முதலில் அவரை விலகச் சொன்ன விளம்பர நிறுவன அதிகாரி, இரண்டு நிமிடங்களில் மனம் மாறினார். பனி, பச்சை, விறகு, புதிய கார்: படம் நன்றாக வரும். "காருக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள்" என்று என்னிடம் சிங்களத்தில் கேட்டார். நான் தமிழில் அந்த அம்மாவிடம் சொன்னேன்.

"எங்க தம்பி போடுவீங்க?"

கொழும்பில் பெரிய பலகையில் வரலாம் என்றேன்.

"அப்ப விறகு வேணாம். செத்த நேரம் இருங்க, வீட்டுக்குப் போயி நல்ல சேல கட்டிக்கிட்டு வர்றேன்."

நிறுவனத்துக்கு வேண்டியது விறகுதான். "அப்படின்னா எனக்கு வேணாம் தம்பி" என்று கட்டை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். தூரத்தில் போகும்போது முதுகுப் பக்கமாக எடுக்கும்படி என்னிடம் சொல்லப்பட்டது. நான் மறுத்தேன். வெளிச்சமும் போய்விட்டது, அந்த நிறுவனம் பிறகு என்னை அழைக்கவில்லை.

நான் மறுத்ததற்குக் காரணம் உண்டு. 2009இல் எனக்குப் பதினாறு வயது. செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தண்ணீர் வரிசையில் நின்றேன். முட்கம்பிக்கு அப்பால் வந்து நின்றவர்கள் எங்களைப் படமெடுத்தார்கள். என் அம்மா முந்தானையால் முகத்தை மறைத்தார். அந்தப் படங்கள் எங்கே வெளிவந்தன, அவற்றுக்குக் கீழே என்ன எழுதினார்கள் என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. எவ்வளவு காலமாக இப்படி நடக்கிறது என்றால், 1875இல் இலங்கைக்கு வந்த புகழ்பெற்ற ஆங்கிலப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரட் கமரன் தோட்டத் தொழிலாளர்களைப் படமெடுத்தார். அவர் பெயர் உலகுக்குத் தெரியும். பொகவந்தலாவையில் அவருக்குக் கல்லறையும் இருக்கிறது. அந்தப் படங்களில் இருப்பவர்கள் பலரின் பெயர் எங்கும் பதியப்படவில்லை.

ஆகவே இந்தத் தொழிலுக்கு வருபவர்களுக்கு என் ஆலோசனை இதுதான். சட்டகத்துக்குள் ஒருவர் வருவதானால் படம் எங்கே, எதற்கு, எவ்வளவு காலம் பயன்படும் என்பதை அவருடைய மொழியில் சொல்லுங்கள். சம்மதத்தை அவருக்கு விளங்கும் மொழியில் எழுதி வாங்குங்கள். மொடலுக்குக் கொடுக்கும் பணத்தை அவருக்கும் கொடுக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே சேருங்கள். எந்தக் கோலத்தில் நிற்பது என்பதை அவரே தீர்மானிக்கட்டும். வேண்டாம் என்றால் கமராவை இறக்குங்கள். அச்சிட்ட ஒரு பிரதியை அவரிடம் சேர்ப்பியுங்கள்.

இரண்டு கிழமைகளுக்குப் பிறகு அந்தத் தோட்டத்துக்குப் போனேன். அந்த அம்மா பச்சைச் சேலை கட்டி, பேத்தியோடு வாசலில் நின்றார். ஐந்து படங்கள் எடுத்து, அவருக்குப் பிடித்த ஒன்றைக் கண்டியில் அச்சிட்டுக் கொடுத்தேன். அதை இந்தக் கட்டுரையில் போடலாமா என்று கேட்டேன். வீட்டில் மாட்டத்தான் எடுத்தது என்றார். ஆகவே இங்கே போடவில்லை.