தன் கையே மிஸ்திரி

ஒரு ரயில் நிலையத்துக்கும் ஒரு பெரிய ஏரிக்கும் தன் பெயரைக் கொடுத்த தென்கல்கத்தாப் பகுதியான டாக்குரியாவின் சரித்திரத்தை எழுதப் புகுகிறவர்கள், 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா அபிவிருத்தி டிரஸ்ட் 192 ஏக்கர் சதுப்புக் காட்டைக் கையகப்படுத்தி ஏரி வெட்டியதையும், டாக்குரியா ஏரி என்றே வழங்கி வந்த அந்த நீர்நிலைக்கு 1958ஆம் வருஷம் மே மாதத்தில் ரவீந்திர சரோவர் என்று நாமகரணம் செய்ததையும் தவறாமல் சொல்லுவார்கள். இரண்டுக்கும் இடையே வந்த யுத்தகாலத்தை ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுவதே வழக்கம். ஆனால், பழைய ஜீப்பையும் லாரியையும் பிறர் கையை எதிர்பாராமல் தானே பிரித்துத் தானே பூட்டிக்கொள்ளும் வித்தை நம் தேசத்தில் எப்படி வேரூன்றியது என்று விசாரிக்கிறவனுக்கு அந்தச் சில வருஷங்களே பிரதானமானவை.

1942 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் கல்கத்தாவின் மேல் குண்டு வீசின. அதே மாதத்தில்தான் அஸ்ஸாமிலுள்ள லெடோவிலிருந்து பர்மா வழியாகச் சீனத்துக்குச் சாலை போடும் வேலையை அமெரிக்க சேனை தொடங்கியது. கல்கத்தாத் துறைமுகத்தில் இறங்கிய தளவாடங்கள் வடகிழக்கு நோக்கிச் சென்றன. 1945 ஜனவரி 12ஆம் தேதி லெடோவை விட்டுப் புறப்பட்ட முதல் வாகன வரிசை, மலையும் சேறும் கடந்து பிப்ரவரி 4ஆம் தேதி குன்மிங் நகரை அடைந்தது. இந்தப் பெரிய யத்தனத்தின் பின்புறக் கொல்லையாக இருந்த கல்கத்தாவில், ஏரிக்கரை ராணுவத்தின் வசமாயிற்று. அங்கே ராணுவ ஆஸ்பத்திரி எழுந்தது. தென்கல்கத்தாத் தெருக்களில் அதுவரை யாரும் கண்டிராத, கூரையும் கதவும் இல்லாத ஜீப்புகள் ஓடத் தொடங்கின.

வில்லிஸ், ஃபோர்டு என்ற இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து யுத்தகாலத்தில் 6 லட்சத்துக்கு மேல் ஜீப்புகளைச் செய்தன. ஒன்றின் உறுப்பு மற்றொன்றுக்கும் பொருந்த வேண்டும் என்பது நியதி. ஆகையால் உடைந்த இரண்டு வண்டிகளிலிருந்து ஓடும் வண்டி ஒன்றை உண்டாக்குவது எங்கும் சாத்தியமாயிற்று. அதைவிட விசேஷமானது, அந்த வண்டியோடு கூடவே பிறந்த ஒரு கொள்கை. பழுதுபார்க்கும் பொறுப்பை அமெரிக்க சேனை ஐந்து படிகளாக வகுத்தது. அவற்றில் முதற்படி, ஓட்டுகிறவனே. கிளம்புமுன் பார்க்க வேண்டியவை, ஓடும்போது கவனிக்க வேண்டியவை, வழியில் நிற்கும்போது தொட்டுப் பார்க்க வேண்டியவை, திரும்பி வந்தபின் செய்து முடிக்க வேண்டியவை என்று 1944 பிப்ரவரியில் வெளியான கைப்புத்தகம் அவனுக்கு வரிசையாக விதித்திருந்தது. இக்கொள்கை ஏட்டளவில் நிற்கவில்லை என்பதற்கு அந்த வண்டியின் முகப்பு விளக்குகளே சாட்சி: கையாலேயே திருகக்கூடிய நட்டு ஒன்றைத் தளர்த்தினால் விளக்கு கீலின்மேல் பின்புறமாகத் திரும்பி, எஞ்சின்மேல் வெளிச்சம் போடும். நள்ளிரவில் நடுக்காட்டில் வண்டி நின்றுபோகும் என்பதையும், அப்போது பக்கத்தில் ஓட்டுநனைத் தவிர வேறு யாரும் இருக்க மாட்டார்கள் என்பதையும் படம் வரைந்தவர்கள் முன்கூட்டியே நினைத்துப் பார்த்திருந்தார்கள்.

எஞ்சினும் அந்த நினைப்புக்கு இசைந்ததே. 134 கன அங்குலம், அதாவது சுமார் 2.2 லிட்டர் கொள்ளளவும் 60 குதிரைசக்தியும் உள்ள அந்த நாலு சிலிண்டர் யந்திரத்தில், வால்வுகள் மேலே ஹெட்டில் இல்லாமல் சிலிண்டர்களின் பக்கத்திலேயே நின்றபடியால், ஹெட் என்பது பானை மூடியைப் போல வெறும் வார்ப்பிரும்பு மூடியாக இருந்தது. போல்ட்டுகளைக் கழற்றி அதைத் தூக்கிவிட்டால், பிஸ்டன் தலையில் படிந்த கரியைச் சுரண்டலாம். வால்வைப் பசை தடவி அதன் இருக்கையில் கையாலேயே தேய்த்து உட்காரவைக்கலாம். பிளக்கின் முனைகளுக்கு நடுவே ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 30 பங்கு இடைவெளி, சி.பி. பாயிண்டில் 20 பங்கு. இந்த இரண்டையும் ஃபீலர் கேஜ் தகட்டைச் செருகிப் பார்த்துச் சரிசெய்யத் தெரிந்தவன், வழியில் நிற்கும் வண்டிகளில் பாதியைக் கிளப்பிவிடுவான். மற்றப் பாதிக்குக் காரணம் பெரும்பாலும் பெட்ரோல் குழாயில் அடைத்த தூசியாகவோ, கல்கத்தாவின் ஆவணி மழையில் முழங்கால் ஆழம் நிற்கும் தெருத் தண்ணீர் பட்டு நனைந்த டிஸ்ட்ரிபியூட்டர் மூடியாகவோ இருக்கும். முன்னதற்கு வாயால் ஓர் ஊதலும் பின்னதற்கு ஓர் உலர்ந்த துணியும் போதும்.

யுத்தம் முடிந்தது, சேனை போயிற்று, மிச்சம் நின்றது. ஜாதவ்பூரில் கைவிடப்பட்ட ராணுவ முகாமில் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகள் குடியேறி பிஜய்கட் காலனியை உண்டாக்கிக்கொண்டதைப் போலவே, ஏலத்துக்கு வந்த டிஸ்போசல் ஜீப்புகளையும் டிரக்குகளையும் வாங்கியவர்கள் அவற்றைப் பயணி வண்டியாகவும் சரக்கு வண்டியாகவும் மாற்றிக்கொண்டார்கள். புது ஜீப்புக்கும் வழி பிறக்காமல் இல்லை: மஹிந்திரா கம்பெனி 1947இல் முதல் 75 ஜீப்புகளைப் பிரித்த நிலையில் இறக்குமதி செய்து, 1949 முதல் பம்பாய் மஜகானில் பூட்டத் தொடங்கியது. ஆயினும் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகிய அக்காலத்தில், அந்நிய நாட்டு ஸ்பேர் பார்ட் ஒன்றுக்காகக் காத்திருப்பதைவிட மல்லிக் பஜாருக்குப் போய்ப் பழைய சாமான் குவியலில் தேடுவதே உத்தமம் என்பது கல்கத்தாவில் வண்டி வைத்திருந்தவர்களின் அநுபவம். அங்கும் கிடைக்காத புஷ்ஷை லேத்துப் பட்டறையில் கடைந்து வாங்கினார்கள்; கேஸ்கட்டைத் தாளில் அச்செடுத்து வெட்டினார்கள். நம் ஆனைமலை, நீலகிரித் தோட்டங்களில் ஜீப் ஓட்டியவர்களும் இதே வித்தையால்தான் காலம் தள்ளினார்கள்.

இந்த வம்சத்தின் மற்றொரு கிளை அதே வங்காளத்தில் நெடுங்காலம் உயிரோடிருந்தது. இங்கிலாந்தில் ரோவர் கம்பெனியின் மாரிஸ் வில்க்ஸ், யுத்தத்தில் மிஞ்சிய ஒரு ஜீப்பை வைத்துக்கொண்டு சோதனை செய்துதான் லாண்ட் ரோவரை உருவாக்கினார். 1948 ஏப்ரலில் அது ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அரங்கேறியது. எஃகு கிடைக்காத காலமாகையால் அதன் உடம்பை அலுமினியக் கலவைத் தகட்டால் செய்தார்கள்; துருவுக்குத் தப்ப அதுவே உபாயமாயிற்று. டார்ஜிலிங் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த அந்தப் பழைய வண்டிகள், மானேபஞ்ஜாங்கிலிருந்து 3,636 மீட்டர் உயரத்திலுள்ள சந்தக்ஃபூவுக்குச் செல்லும் செங்குத்தான மலைப்பாதையில் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு எழுபது வருஷ வயதிலும் ஏறிக்கொண்டிருந்தன. அசல் எஞ்சின் தேய்ந்த வண்டிகளில் மஹிந்திராவின் டீசல் எஞ்சினைப் பொருத்தி அவற்றை ஓட்டுகிறவர்களே பராமரித்தார்கள். ஜீப்பிலிருந்து பிறந்த குழந்தைக்கு முதுமையில் ஜீப்பின் இருதயமே வந்து வாய்த்தது.

மாநிலத் தலைநகரில் அத்தகைய முதுமைக்கு இடமில்லாமல் போயிற்று. பதினைந்து வயதைத் தாண்டிய வர்த்தக வண்டிகளைக் கல்கத்தாப் பிரதேசத்தில் ஓட்டக்கூடாது என்று உயர்நீதிமன்றம் 2008 ஜூலையில் ஆணையிட்டது. 2009 ஜூலை மாத முடிவோடு பழைய பஸ்களும் லாரிகளும் டாக்ஸிகளும் தெருவை விட்டு அகன்றன. நகரத்தின் நுரையீரலை முன்னிட்டுப் பிறந்த அந்த ஆணையைக் குறை சொல்லுவதற்கில்லை. எவ்வளவு சாமர்த்தியமாகப் பழுதுபார்த்தாலும் கார்புரேட்டர் காலத்து எஞ்சின் புதிய எஞ்சினைப் போலச் சுத்தமாக எரிக்காது.

ஆனால் அந்தச் சுத்தத்தோடு வேறொன்றும் வந்து சேர்ந்தது. புதிய வண்டியில் பெட்ரோலின் அளவையும் தீப்பொறியின் தருணத்தையும் கணினிப் பெட்டி நிர்ணயிக்கிறது. அதன் பாஷையில் பெரும்பகுதி கம்பெனியின் கருவிக்கு மாத்திரமே தெரியும். பழுதுபார்க்கும் உரிமை என்ற கோரிக்கை உலகெங்கும் எழுந்து, இந்திய சர்க்காரின் நுகர்வோர் துறையும் 2022 ஜூலையில் அதற்கென ஒரு குழுவை அமைத்து, மோட்டார் வண்டிகளையும் அதன் வரம்புக்குள் சேர்த்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம். 1944இல் ஒரு சேனை தன் ஓட்டுநனுக்குக் கடமையாக விதித்ததை, இன்று சொந்தப் பணம் கொடுத்து வண்டி வாங்கியவன் உரிமையாகக் கேட்டு நிற்கிறான். புகை கக்கும் வண்டியைத் தெருவை விட்டு விலக்குவதற்கு நியாயம் உண்டு. கைப்புத்தகத்தை ஓட்டுகிறவனுக்குக் கொடுக்க மறுப்பதற்கு அப்படியொரு நியாயத்தை எந்தக் கம்பெனியும் இன்னும் காட்டவில்லை.