ஒரு களஞ்சியம், பல கணிப்பொறிகள்

பலருக்கும் வேண்டிய பொருளை ஓரிடத்தில் சேர்த்து வைத்து, வேண்டியவர்க்கு வேண்டிய பொழுதில் வழங்குதல் மனித நாகரிகத்தின் மிகப் பழைய ஏற்பாடுகளுள் ஒன்று. மழைநீரைக் கண்மாயில் தேக்கி மடைவழியே வயல்களுக்குப் பாய்ச்சினர் நம் முன்னோர். நெல்லைக் களஞ்சியத்தில் சேர்த்தனர். நூல்களை நூலகத்தில் அடுக்கினர். இவ்வரிசையில் இறுதியாக வந்து சேர்ந்திருப்பது 'சர்வர்' என்னும் கணிப்பொறி. தமிழில் இதனை 'வழங்கி' என்கின்றனர். பெயரே இதன் பணியைச் சொல்லிவிடுகிறது. பிற கணிப்பொறிகள் கேட்பதை எடுத்து வழங்குவதே இதன் தொழில்.

இன்று நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றில் ஐந்தாறு கணிப்பொறிகள் இருக்கின்றன. அத்தகைய வீட்டிற்கு ஒரு வழங்கியை எவ்வாறு திட்டமிடுவது? இவ்வினாவிற்குக் கடைக்காரரிடம் ஒரு விடை உண்டு. வரலாற்றிடமும் ஒரு விடை உண்டு. கடைக்காரர் எதனை வாங்குவது என்று சொல்வார். பொருள்களை ஓரிடத்தில் குவிப்பதால் விளையும் நன்மை யாது, கேடு யாது என்று வரலாறு சொல்லும். முதலில் வரலாற்றைக் கேட்போம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பென்னிங்டன் நூலகம் என்னும் பழமையான நூலகம் ஒன்று உள்ளது. அவ்வூர் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த காலத்தில், 1875இல், ஆங்கில அதிகாரி ஒருவர் பெயரால் அது தோன்றியது. ஒவ்வொருவரும் எல்லா நூல்களையும் விலைக்கு வாங்க இயலாது. ஊருக்குப் பொதுவாக வாங்கி வைத்தால் அனைவரும் படிக்கலாம். பொது நூலகம் என்னும் ஏற்பாட்டின் அடிப்படை இதுவே. நூற்பட்டியல், உறுப்பினர் பதிவேடு, பொறுப்பான நூலகர் ஆகிய மூன்றும் அமையாவிடில் எத்துணை நூல்கள் இருந்தும் நூலகம் நடவாது. இம்மூன்றையும் நினைவிற் கொள்ளுங்கள். வீட்டு வழங்கிக்கும் இவையே உயிர்நாடி.

இனிக் கணிப்பொறியின் கதைக்கு வருவோம். 1956இல் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் ராமாக் என்னும் கணிப்பொறியை வெளியிட்டது. காந்தத் தட்டுகளில் செய்திகளைப் பதிந்து வைத்த முதல் வணிகக் கணிப்பொறி அது. இரண்டடி அகலமுள்ள ஐம்பது தட்டுகள் அதில் சுழன்றன. அவை அனைத்தும் சேர்ந்து தாங்கிய எழுத்துகள் 50 இலட்சம். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு நிழற்படம் ஏறத்தாழ அத்தனை இடத்தை அடைத்துக்கொள்கிறது!

அந்நாளில் கணிப்பொறி மிக அரிய பொருள். ஒரு கணிப்பொறி, பல மனிதர் என்பதே நிலை. மாணவர் தம் கணக்கைத் துளை அட்டைகளில் பதிந்து கொடுத்துவிட்டு, விடைக்காகக் காத்திருக்க வேண்டும். இந்தத் தடையை நீக்க, 1961இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கார்பாட்டோ என்பவர் நேரப்பகிர்வு முறையைச் செய்து காட்டினார். ஒரே பொறி, பலர் கேட்பனவற்றை மாறி மாறி விரைந்து கவனித்தது. ஒவ்வொருவருக்கும் அது தமக்கே உரியது போலத் தோன்றியது. ஒருவர் கோப்பை மற்றவர் தொடாதிருக்க அடையாளச் சொல் கேட்கும் வழக்கமும் அம்முறையில் இடம்பெற்றது.

நம் நாட்டில் 1955ஆம் ஆண்டளவில் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திற்கு முதல் மின்னணுக் கணிப்பொறி வந்தது. சென்னையின் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 1973இல் ஐ.பி.எம். 370 வகைப் பெரும்பொறி ஒன்றைப் பெற்றது. அதனை மாணவரும் ஆய்வாளரும் தம்முள் பகிர்ந்து பயன்படுத்தினர்.

அதே 1973ஆம் ஆண்டில் வேறொரு மாறுதலும் தொடங்கியது. கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில் சிராக்ஸ் ஆய்வுக்கூடத்தார், ஒவ்வோர் ஆய்வாளருக்கும் ஒரு சிறு கணிப்பொறி கொடுக்கும் முயற்சியில் இறங்கினர். ஆனால் விலையுயர்ந்த அச்சுப்பொறியை ஆளுக்கொன்று கொடுக்க முடியுமா? எல்லாக் கணிப்பொறிகளையும் கம்பியால் இணைத்து அச்சுப்பொறியைப் பொதுவாக்கும் வழியை ராபர்ட் மெட்காஃப் என்பவர் அவ்வாண்டு மே மாதத்தில் எழுதி அளித்தார். அதுவே ஈதர்நெட். பொதுவில் வைக்கத்தக்கதைப் பொதுவில் வை. தனியே வேண்டியதைத் தனியே கொடு என்னும் கொள்கை இங்கே உருப்பெற்றது. பின்னர், 1984இல் சன் நிறுவனம் கோப்புகளை வலையின் வழியே பகிரும் முறையை உருவாக்கியது. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸைத் தொடங்கினார். 1992இல் ஆஸ்திரேலிய மாணவர் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பின்னர் சாம்பா எனப் பெயர்பெற்ற மென்பொருளை வெளியிட்டார். இவ்விரண்டும் விலையின்றிக் கிடைப்பவை. நிறுவனங்களுக்கே உரியதாயிருந்த வழங்கியை ஏழை மாணவனும் அமைக்கலாம் என்னும் நிலையை இவை உண்டாக்கின.

தமிழ்நாட்டு வீடுகளில் கணிப்பொறிகள் பெருகியதற்கு ஒரு சிறப்புக் காரணம் உண்டு. 2011இல் மாநில அரசு, அரசுப் பள்ளி, கல்லூரிகளிலும் உதவி பெறும் நிறுவனங்களிலும் பயின்ற மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அக்கா ஒன்று பெற்றாள்; இரண்டாண்டு கழித்துத் தம்பியும் ஒன்று பெற்றான். ஒரு பொறி, பல மனிதர் என்றிருந்த நிலை, ஒரே வீட்டில் ஒரு குடும்பம், பல பொறிகள் என்று மாறிற்று.

இராஜபாளையத்தில் அத்தகைய குடும்பம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். தந்தை, அருகிலுள்ள சத்திரப்பட்டி நெசவாளரிடம் மருத்துவக் கட்டுத்துணி வாங்கி விற்பவர். அவர் கணக்குகள் ஒரு பொறியில் இருக்கின்றன. தாய் ஆசிரியை, வினாத்தாள்கள் இன்னொன்றில். மகளின் கல்லூரித் திட்டக் கட்டுரை அவளது மடிக்கணினியில். மகனின் பாடக் குறிப்புகள் அவனுடையதில். பாட்டனார் காலத்து நிலப்பத்திரங்களின் படிகளும், திருமண நிழற்படங்களும் எதில் உள்ளன என்று ஒருவருக்கும் உறுதியாகத் தெரியாது. இதுதான் சிக்கல். பொருள் இல்லாமையன்று; பொருள் இருக்குமிடம் அறியாமை.

இதற்குத் திட்டம் வகுப்போம். முதற்பணி எந்தப் பொறியையும் வாங்குவதன்று, பட்டியல் எழுதுவது. என்னென்ன கோப்புகள் உள்ளன, அவற்றின் அளவு என்ன, இழந்தால் மீண்டும் பெறக்கூடியவை எவை, பெற முடியாதவை எவை என்று தாளில் எழுதுங்கள். திரைப்படத்தை மீண்டும் பெறலாம். மறைந்த பாட்டியின் குரற்பதிவைப் பெற முடியாது. இரண்டாவது, உறுப்பினர் பதிவேடு. ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் தனி அடையாளச் சொல்லும் வேண்டும். குடும்பப் படங்கள் எல்லார்க்கும் பொது. தந்தையின் கணக்கை அவரும் அவர் குறிப்பவருமே திறக்கலாம். மூன்றாவது, நூலகர். வீட்டில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அவர் வெளியூர் சென்றால் செய்ய வேண்டியவற்றை மற்றவர்க்கு எழுதி வைக்கவும் வேண்டும்.

அதன்பின்பே பொறி. வழங்கிக்குப் பேராற்றல் தேவையில்லை. ஓயாது உழைக்கும் இயல்பே தேவை. 20 வாட் மின்சாரம் கொள்ளும் சிறு கணிப்பொறி ஓராண்டு முழுதும் ஓடினால் ஏறத்தாழ 175 யூனிட் செலவாகும். 60 வாட் கொள்ளும் பழைய மேசைக் கணிப்பொறியோ 525 யூனிட் கேட்கும். பழையது இலவசம் என்று எண்ணுவோர் இக்கணக்கையும் பார்த்தல் நலம். மின்தடை நேரும்போது வழங்கி ஒழுங்காக அடங்குதற்கு மின்கலச் சேமிப்புக் கருவியாகிய யு.பி.எஸ். இன்றியமையாதது. இணைப்புக் கம்பியும் கருதத்தக்கது. 100 ஜிகாபைட் கோப்புகளை நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் படியெடுக்க இரண்டரை மணி நேரம் வரை ஆகும்; ஒரு ஜிகாபிட் வேகத்தில், தட்டுகளும் ஈடுகொடுத்தால், கால்மணி போதும்.

இனி, எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்துவிட்டோம், நன்மை கிட்டிவிட்டது. கேடு யாது? கண்மாய்க் கரை உடைந்தால் எல்லா வயலும் வாடும். இதன் கொடிய சான்றைத் தமிழுலகம் 1981இல் கண்டது. அவ்வாண்டு மே இறுதியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அச்சு நூல்களில் பலவற்றை மீண்டும் தேடி வாங்கலாம். வேறெங்கும் படியில்லாத ஓலைச்சுவடிகள் போனவை போனவையே. இதற்கு மாறான சான்றும் உண்டு. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்ததற்குக் காரணம், அதன் படிகள் பல இடங்களில் பல கைகளில் இருந்தமையே. ஒரு சுவடியில் செல்லரித்த வரியை மற்றொன்று காத்தது. பெயர்த்தெழுதிய பெயரறியா ஏடெழுதுவோர் நம் இலக்கியத்தைக் காத்தவர்கள்.

கணிப்பொறி உலகமும் இப்பாடத்தைக் கற்றது. 1988இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக அறிஞர் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும், மலிவான தட்டுகள் பலவற்றை அணியாகக் கோத்து, ஒன்று பழுதுற்றாலும் செய்தி அழியாத முறையை விளக்கினர். 'ரெய்டு' என்பது அதன் பெயர். ஆயினும் இது படியெடுப்பிற்கு ஈடாகாது. ஒரு கோப்பைக் கைதவறி அழித்தால் அணியிலுள்ள தட்டுகள் அனைத்திலும் அது அழியும். திருடனோ தீயோ வந்தால் எல்லாத் தட்டும் ஒன்றாகவே போகும். ஆகவே வல்லுநர் கூறும் விதி: மூன்று படிகள் வேண்டும்; அவை இருவகைச் சாதனங்களிலேனும் இருத்தல் வேண்டும்; அவற்றுள் ஒன்று வேற்றிடத்தில் இருத்தல் வேண்டும்.

அந்த வேற்றிடம் எது? நம் குடும்பத்திற்கு விடை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில், ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. அங்குள்ள அத்தை வீட்டில் ஒரு தட்டை வைக்கலாம். இணையத்தின் வழி 100 ஜிகாபைட்டை அனுப்ப, நொடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் பதினொரு மணி நேரம் ஆகும். முதற்படியைத் தட்டில் எடுத்துப் பேருந்தில் கொண்டுசென்றால் அரை நாளுக்குள் வேலை முடியும். பின்னர் அன்றன்று மாறியவற்றை மட்டும் இரவில் அனுப்பினால் போதும். தட்டில் உள்ளவை பூட்டெழுத்தில் இருக்கட்டும். வழங்கியின் வாயிலை இணையத்திற்கு நேரே திறந்து வைப்பதையும் தவிர்க்க வேண்டும். அத்தை வீட்டுப் படிகளை இங்கே வாங்கி வைத்தால் இரு குடும்பங்களும் ஒன்றையொன்று காக்கும்.

இறுதியாக ஒன்று. பள்ளி நூலகங்களில் ஆண்டுதோறும் இருப்புச் சரிபார்ப்பு நடைபெறும். பதிவேட்டில் நூல் இருப்பது போதாது; அலமாரியிலும் இருக்க வேண்டும், பிரித்தால் ஏடுகள் இருக்க வேண்டும். ஆசிரியப் பணியில் இருந்த எனக்கு அப்பணியின் அருமை நன்கு தெரியும். அதுபோல மூன்று மாதத்திற்கு ஒருமுறை, அத்தை வீட்டுத் தட்டிலிருந்து ஏதேனும் ஒரு பத்திரத்தையும் ஒரு நிழற்படத்தையும் மீட்டெடுத்துத் திறந்து பாருங்கள். திறக்க இயலாத படி, படியே அன்று.

மாணவர்களே, உங்களில் பலர் வீட்டில் இப்பொறிகளை மற்றவரினும் நன்கு அறிந்தவர் நீங்களே. எனவே நூலகர் பொறுப்பு உங்களைத் தேடி வரும். சேர்த்தல், வழங்குதல், காத்தல் ஆகிய மூன்றில் முன்னிரண்டையும் பொறி செய்துவிடும். மூன்றாவது மனிதர் கடமை. இன்றிரவே ஒரு தாளை எடுத்து உங்கள் வீட்டுப் பட்டியலை எழுதத் தொடங்குங்கள்.